கார்னிவலில் ஒரு கொலை: மாயமும் துப்பறிதலும் கலந்த நாவல், யோசனை சொல்லுங்கள்

நடுச்சாமம்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நாவல் இது. எழுத உட்காரும் முன் இங்கே அடி வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறேன்.

1922 கோடைக்காலம். அமெரிக்காவில் இல்லினாய், இந்தியானா பக்கம் ரயிலில் ஊர் ஊராகப் போகும் ஒரு கார்னிவல். அதன் பேய்வீட்டில் 'தூக்கில் தொங்கிய கொள்ளைக்காரன்' என்று ஓர் உருவம் தொங்குகிறது. பார்க்க ஐந்து சென்ட். கார்னிவல்காரர்கள் உள்பட எல்லோரும் அதை மெழுகுபொம்மை என்றுதான் நினைக்கிறார்கள்.

அங்கே கைரேகை பார்க்கிறவள் கோரா. அவளுக்கு ஒரு சக்தி உண்டு: செத்தவர் உடலைத் தொட்டால், அவர் கண் கடைசியாகப் பார்த்தது இவளுக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை இரவு கூடாரம் பிரிக்கும்போது பொம்மையின் காலைப் பிடித்துத் தூக்குகிறாள். காட்சி வருகிறது. அது பொம்மையில்லை, பிணம். கொள்ளைக்காரனும் இல்லை, யாரோ ஒரு கூடாரக் கூலியாள். கொன்றவன் இன்னும் இதே கார்னிவலில் இருக்கிறான்.

கேள்வி இரண்டு. துப்பறியும் கதையில் இந்த அளவு மாயம் தாங்குமா? நாட்கணக்கு, வேலை விவரமெல்லாம் நம்பும்படி இருக்க என்ன வேண்டும்?

கண்ணாடிவிரியன்

முதல் கேள்விக்கு என் பதில்: தாங்காது.

1929-இல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதினார். இரண்டாவது கட்டளையே இயற்கைக்கு மீறிய எதுவும் உள்ளே வரக்கூடாது என்பதுதான். நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பாதிரியாரே பேயை வாசலோடு நிறுத்திவைத்த வகை இது. காரணம் எளிது: வாசகனும் துப்பறிவாளனும் ஒரே தடயத்தை வைத்து ஓட வேண்டும். இங்கே கோராவுக்கு மட்டும் நேரடி ஒளிபரப்பு. தொட்டாள், பார்த்தாள், கொலைகாரன் முகம் தெரிந்தது, முற்றும். பத்துப் பக்கத்தில் நாவல் முடிந்துவிடும்.

அரைப்பக்கம்

செத்தவருக்குக் கிட்டப்பார்வை, சாகும்போது மூக்குக்கண்ணாடி போடவில்லை என்று வையுங்கள். முந்நூறு பக்கம் ஓடும்.

நடுச்சாமம்

அரைப்பக்கம், சிரித்தாலும் நீங்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. சக்திக்கு எல்லை வேண்டும். ஒலி கிடையாது, முன்னும் பின்னும் கிடையாது, கண் பார்த்தது மட்டும்தான். செத்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு செத்திருந்தால் சுவர்தான் தெரியும். இந்த விதியை முதல் அத்தியாயத்திலேயே வாசகரிடம் சொல்லிவிடுவேன். அதன்பிறகு விதியை மாற்ற மாட்டேன்.

கண்ணாடிவிரியன்

அது கொஞ்சம் பரவாயில்லை. அறிவியல் புனைகதையில் துப்பறிதல் எடுபடாது, யாரும் கடைசி நேரத்தில் பையிலிருந்து ஒரு புதுக் கருவியை எடுத்துவிடலாம் என்று பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் சொல்லப்போய், அதற்குப் பதிலாகவே எழுத்தாளர் அசிமோவ் ஒரு ரோபோவைத் துப்பறிவாளனாக்கி நாவல் எழுதினார். விதிகளை முன்கூட்டியே சொன்னதால் அது நின்றது. நீங்களும் அப்படியே செய்தால் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் எல்லை வைத்தால் மட்டும் போதாது. அந்தக் காட்சி தடயமாக இருக்க வேண்டும், விடையாக இருக்கக் கூடாது.

பின்னட்டை

எனக்கு வேறு சந்தேகம். எதற்கு அமெரிக்கா? தமிழில் எழுதுகிறீர்கள், நம்மிடம் பொருட்காட்சி இருக்கிறது, மரணக்கிணறு இருக்கிறது. படித்ததை வைத்து அந்நிய ஊரைக் கட்டினால் கடைசியில் எல்லோரும் தொப்பி போட்ட கோயம்புத்தூர்க்காரர்கள் மாதிரியே பேசுவார்கள். நிறையப் பார்த்தாகிவிட்டது.

நடுச்சாமம்

நியாயமான கேள்வி அக்கா. கரு அங்கேதான் கிடைத்தது, அதனால்தான் அமெரிக்கா.

எல்மர் மெக்கர்டி என்று ஒருவன். 1911 அக்டோபரில் ஓக்லஹோமாவில் ரயில் கொள்ளை அடித்தான். தவறான ரயிலை நிறுத்திவிட்டதால் கிடைத்தது 46 டாலரும் கொஞ்சம் விஸ்கியும். போலீஸ் சுட்டதில் செத்தான். உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. பதப்படுத்தியவர் செலவை ஈடுகட்ட உடலை நிறுத்திவைத்து ஆளுக்கு ஐந்து சென்ட் வாங்க ஆரம்பித்தார். 1916-இல் இரண்டு பேர் வந்து "எங்கள் அண்ணன், ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்கிறோம்" என்று வாங்கிப் போனார்கள். அவர்கள் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, கார்னிவல்காரர்கள்.

அதற்கப்புறம் அந்த உடல் கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் சுற்றியது. ஒரு கட்டத்தில் அது மனித உடல் என்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது. 1976 டிசம்பரில் கலிபோர்னியா லாங் பீச்சில் ஒரு பேய்வீட்டில் தொலைக்காட்சித் தொடர் படப்பிடிப்பு. இருட்டில் மின்னும் சாயம் பூசித் தொங்கிய ஒரு 'பொம்மையை' நகர்த்தப் போனபோது கை உடைந்து வந்தது. உள்ளே எலும்பு.

பிரேதப் பரிசோதனையில் வாய்க்குள் ஒரு 1924-ஆம் வருடத்துச் செப்புக் காசும், ஒரு குற்றக் கண்காட்சியின் டிக்கெட் துண்டுகளும் கிடைத்தன. அதை வைத்துத்தான் ஆளைத் தேடிப் பிடித்தார்கள். 1977-இல் ஓக்லஹோமாவில் புதைத்து, மறுபடி யாரும் தோண்டிவிடாதபடி மேலே கான்கிரீட் ஊற்றினார்கள்.

யோசித்துப் பாருங்கள், இத்தனை வருடம் ஒரு பிணத்தைத் தாண்டிப் பேய்வீட்டுக் கூட்டம் நடந்து போயிருக்கிறது. யாரோ ஒருவர் விளையாட்டாக வாயில் டிக்கெட்டைத் திணித்திருக்கிறார். இதை நான் நம்ம ஊரில் நடந்ததாக எழுதினால் அதுதான் பொய்யாக இருக்கும்.

பின்னட்டை

சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த டிக்கெட் துண்டு விவரத்துக்காகவே ஒப்புக்கொள்கிறேன்.

ஜெனரேட்டர்க்காரன்

தம்பி, நான் கதை எழுதுகிற ஆள் இல்லை. மதுரை சித்திரைப் பொருட்காட்சி, அப்புறம் சில ஊர்த் திருவிழாக்களில் ராட்டினத்துக்கும் ஷோக்களுக்கும் கரண்ட் வேலை பார்த்திருக்கிறேன். அமெரிக்கா தெரியாது. ஆனால் இடம் மாறுகிற பிழைப்பு எங்கேயும் ஒரே பிழைப்புதான் என்று நினைக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

'பாம்பு உடம்பு, பெண் தலை' நாகக்கன்னி ஷோ பார்த்திருப்பீர்கள். மேசைக்குக் கீழே காலியாகத் தெரியும், ஆனால் காலி இல்லை. மேசைக் கால்களுக்கு நடுவில் இரண்டு கண்ணாடி சாய்த்து நிறுத்தியிருப்போம். பக்கத்துத் திரைத்துணி கண்ணாடியில் தெரியும், அதைப் பின்பக்கத் துணி என்று கண் நம்பிவிடும். அந்தப் பெண் உள்ளே உட்கார்ந்து தலையை மட்டும் மேலே நீட்டியிருப்பாள். இதில் மூன்று தொல்லை. கண்ணாடியில் கைரேகை படக்கூடாது. தரையில் விரித்த துணி பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். கூட்டத்தில் எவனாவது கடலைத்தோலை வீசினால் அது கண்ணாடியில் பட்டுத் திரும்பும், ஷோ அம்பேல். அதனால்தான் கம்பி கட்டி ஆளைத் தள்ளி நிறுத்துவது. உள்ளே ஓர் ஆள் உட்கார்கிற இடம் இருக்கிறது, வெளியே ஆயிரம் பேர் பார்த்தாலும் தெரியாது. உங்கள் கதைக்கு உதவுமா பாருங்கள்.

இன்னொன்று. கூடாரத்துணிக்கு வயதாகும். கிழியும், ஒட்டுப்போடுவோம். மழைக்காலத்தில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் எந்த ஒட்டு எங்கே ஒழுகும் என்று மனப்பாடமாக இருக்கும். எங்கள் செட்டில் ஒரு தார்ப்பாயில் மாம்பழ வடிவத்தில் நீலத்துணி ஒட்டு ஒன்று இருந்தது. இன்றைக்குக் கண்ணைக் கட்டிக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்துக் கட்டை அவிழ்த்தால் யார் கூடாரம் என்று சொல்லிவிடுவேன்.

கண்ணாடிவிரியன்

நடுச்சாமம், அண்ணன் உங்கள் நாவலை முடித்துக் கொடுத்துவிட்டார், கவனித்தீர்களா? கோரா பார்த்த கடைசிக் காட்சி முகமாக இருக்கக்கூடாது. கூடாரத்தின் கூரைத்துணி, அதில் ஓர் ஒட்டு. அவ்வளவுதான். அந்த ஒட்டு இப்போது எந்தக் கூடாரத்தில் இருக்கிறது, பழைய துணியை வெட்டி வேறு எதற்காவது பயன்படுத்திவிட்டார்களா, அந்த வருடம் அந்தக் கூடாரம் யார் கையில் இருந்தது என்று தேடுவதுதான் கதை. மாயம் ஒரு துண்டுத் தடயத்தை மட்டும் கொடுக்கிறது, மிச்சமெல்லாம் அலைந்து விசாரிக்கும் வேலை. இப்படியானால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நடுச்சாமம்

அண்ணா, கும்பிடு போட்டுக்கொள்கிறேன். எடுத்துக்கொண்டேன். நாகக்கன்னி ஷோவும் அப்படியே உதவும், இதே வித்தையில் அமெரிக்கக் கார்னிவல்களில் சிலந்தி உடம்பும் பெண் தலையுமாக ஒன்றைக் காட்டினார்கள். கண்ணாடி மேசை வித்தையே 1865-இல் லண்டன் மேடையில் பேசும் தலையாகப் பேர் வாங்கியதுதான்.

ஆனால் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒருவன் சாக வேண்டுமானால் படுத்த படுக்கையாகச் சாக வேண்டும். கத்திக்குத்து, துப்பாக்கி எல்லாம் சரிப்படாது.

மருந்துக்கடை

விஷம். அதிலும் ஆர்செனிக். உடனே கொல்லாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுக்கவைத்து மெல்ல முடிக்கும், பார்க்கிறவர்களுக்குக் காலரா மாதிரி இருக்கும். வைத்தவன் சாகும் நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கோராவின் காட்சியில் அவன் முகம் வராததற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் உடலைப் பதப்படுத்த ஆர்செனிக்தான் பயன்படுத்தினார்கள். மெக்கர்டி உடலிலும் அதுதான் இருந்தது, அதனால்தான் அத்தனை வருடம் கெடாமல் நின்றது. இதில் சட்டச் சிக்கல் வந்தது: பிணத்தில் ஆர்செனிக் கண்டுபிடித்தால் அது கொன்ற ஆர்செனிக்கா, பதப்படுத்திய ஆர்செனிக்கா என்று எப்படிச் சொல்வது? மார்ஷ் சோதனை 1836-லேயே வந்துவிட்டது, துளி ஆர்செனிக்கையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் எங்கிருந்து வந்தது என்று அது சொல்லாது. விஷக்கொலை வழக்குகள் இப்படிக் கெட்டதால்தான் 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மாநிலங்கள் அதைத் தடைசெய்தன, அதற்குப் பதிலாக ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவம் பழக்கத்துக்கு வந்தது.

ஆக, உங்கள் கொலைகாரன் ஆர்செனிக் வைத்துக் கொன்று, ஆர்செனிக் போட்டே பதப்படுத்தினால் தடயம் தடயத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

கண்ணாடிவிரியன்

கொலை எந்த வருடம் என்று நடுச்சாமம் இன்னும் சொல்லவில்லை.

நடுச்சாமம்

1917 குளிர்காலம் என்று வைத்திருக்கிறேன். கார்னிவல் குளிர்காலத்தில் ஓடாது, எல்லோரும் ஓரிடத்தில் தங்கியிருப்பார்கள்.

கண்ணாடிவிரியன்

அப்படியானால் அதுவேதான் தடயம்! 1917-இல் ஃபார்மலின் சாதாரணமாகக் கிடைக்கிறது. அந்த நேரத்தில் ஒருவன் மெனக்கெட்டுப் பழைய முறையில் ஆர்செனிக் போட்டுப் பதப்படுத்துகிறான் என்றால் ஏன்? உள்ளே ஏற்கெனவே ஆர்செனிக் இருப்பதால். மறைக்கச் செய்த காரியமே மாட்டிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க கோராவின் சக்தி ஒரு துளியும் வேண்டாம். கிராமத்து மருந்துக்கடைக்காரர் ஒருவரே போதும்.

மருந்துக்கடை

என் பெயரைக் கதையில் போட்டால் ராயல்டி உண்டா?

அரைப்பக்கம்

தொப்பி போட்ட கோயம்புத்தூர்க்காரராக வருவீர்கள்.

பின்னட்டை

எல்லோரும் விஷத்தில் இறங்கிவிட்டீர்கள். செத்தவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐந்து வருடம் ஓர் ஆள் காணாமல் போயிருக்கிறான், ஒருவர்கூடவா தேடவில்லை?

நடுச்சாமம்

அதற்குத்தான் அக்கா 1917. அடுத்த வருடம் ஜூன் 22 விடியற்காலை, இந்தியானாவில் ஹாமண்ட் ஊர் பக்கம், ஹேகன்பெக்-வாலஸ் சர்க்கஸ் ரயில் அச்சு சூடாகி நின்றுகொண்டிருந்தது. பின்னால் வந்த காலி ராணுவ ரயிலின் ஓட்டுநர் தூங்கிவிட்டார், வந்த வேகத்தில் மோதியது. பெட்டிகள் மரம், உள்ளே எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. 86 பேர் செத்தார்கள். பலரை அடையாளமே காண முடியவில்லை, சிலர் சேர்ந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. சிகாகோவை ஒட்டிய ஃபாரஸ்ட் பார்க் இடுகாட்டில் காட்சிக்காரர்கள் சங்கத்துக்கென்று வாங்கிவைத்திருந்த நிலத்தில் புதைத்தார்கள். கல்லறைக் கற்களில் 'பெயர் தெரியாத ஆண்' என்று எண் போட்டிருக்கும். வேறு சிலவற்றில் 'மொட்டையன்', 'சிரிப்பன்', 'நாலு குதிரை ஓட்டுபவன்' என்று பட்டப்பெயர் மட்டும். சுற்றிலும் கல் யானைகள்.

என் கதையில் செத்தவன் அந்த சர்க்கஸிலிருந்து விலகிக் கார்னிவலுக்கு வந்தவன். ஜூனில் விபத்துச் செய்தி வந்ததும் கொலைகாரன் சொல்கிறான்: "அவன் பழைய சர்க்கஸுக்கே திரும்பிப் போனானே, பாவம்." எல்லோரும் தொப்பியைக் கழற்றி வருத்தப்பட்டு, அந்தப் பெயர் தெரியாத கற்களில் ஒன்று அவனுடையது என்று நம்பிவிடுகிறார்கள்.

பின்னட்டை

இது அருமை. ஒருவனுக்கு இரண்டு பிணம், ஒன்று கல்லறையில், ஒன்று பேய்வீட்டில். முன்னதில் கிடப்பவன் யார் என்பது இன்னொரு நாவல்.

ஆனால் ஒரு குறை சொல்லிவிடுகிறேன். அந்தக் காலக் கார்னிவலில் குள்ளர்கள், தாடிக்காரப் பெண், கையில்லாதவர் என்று மனிதர்களையே காட்சிக்கு வைத்தார்கள். இப்படிப்பட்ட நாவல்களில் அவர்கள் எப்போதும் பயமுறுத்தும் பின்னணிதான். மூலையில் நின்று மர்மமாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஃப்ளோரிடாவில் கிப்சன்டன் என்று ஒரு சிற்றூர், காட்சிக்காரர்கள் குளிர்காலத்தில் தங்கவும் ஓய்வு பெற்றபின் வாழவும் போன இடம். அங்கே தபால் நிலையத்தில் குள்ளர்களுக்கென்று உயரம் குறைந்த கவுன்ட்டர் இருந்தது. வீட்டு வளாகத்தில் யானை வைத்துக்கொள்ள ஊர் விதியே இடம் கொடுத்தது. அது உங்கள் 1922-க்குப் பிற்பட்ட ஊர், ஆனால் அந்த மனநிலை வேண்டும். இவர்கள் வரவு செலவு பார்ப்பார்கள், சீட்டாடுவார்கள், சம்பள பாக்கிக்குச் சண்டை போடுவார்கள். துப்பறிவதில் கோராவுக்குத் துணையாக இவர்களில் ஒருவரை வையுங்கள், பரிதாபத்துக்கில்லாமல் வேலைக்கு.

நடுச்சாமம்

டிக்கெட் கணக்கு எழுதும் மூன்றடி உயரத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். எந்த வருடம் எந்தக் கூடாரம் யாருக்கு என்பது அவர் பேரேட்டில்தான் இருக்கிறது. இன்னும் பெரிதாக்குகிறேன்.

கண்ணாடிவிரியன்

பின்னட்டை அக்கா சொன்னதோடு என் கடைசி நச்சரிப்பு. உண்மையான சக்தி உள்ளவள் ஏன் பத்து சென்ட்டுக்குக் கைரேகை பார்க்கிறாள்?

நடுச்சாமம்

உயிரோடிருப்பவர் கையைப் பிடித்தால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கைரேகைத் தொழில் முழுக்கப் பொய். செருப்பையும் நகத்தையும் பார்த்து அளந்துவிடுவது, 'ஒரு நீண்ட பயணம் தெரிகிறது' வகை. செத்தவரைத் தொட்டால்தான் உண்மை, அதற்குக் காசு கொடுக்க யார் வரிசையில் நிற்பார்கள்? அவள் அந்தச் சக்தியை வெறுக்கிறாள். அம்மாவின் உடலை அவள் தொடவில்லை.

ஜெனரேட்டர்க்காரன்

இந்தக் கடைசி வரி நல்லா இருக்கு தம்பி. அதை விளக்க வேண்டாம், அப்படியே விடுங்கள்.

நாட்கணக்கு கேட்டீர்களே, அங்கே எப்படி?

நடுச்சாமம்

கார்னிவல் பெரும்பாலும் ஓர் ஊரில் ஒரு வாரம். சர்க்கஸ் மாதிரி ஒரே நாளில் ஓடாது. திங்கள் திறப்பு, சனி இரவு பிரிப்பு, ஞாயிறு ரயில். அதனால் ஒவ்வோர் ஊரிலும் கோராவுக்கு ஆறு நாள்தான். போலீஸிடம் போகவும் முடியாது, உள்ளூர் ஷெரீஃபுக்குப் பணம் கொடுத்துச் சரிக்கட்டவே கார்னிவலில் தனியாக ஓர் ஆள் உண்டு. புகார் முதலில் அவன் காதுக்குத்தான் வரும்.

கண்ணாடிவிரியன்

அந்த ஆள்தான் கொலைகாரனா?

நடுச்சாமம்

இதற்கு நான் பதில் சொல்ல வேண்டுமா?

கண்ணாடிவிரியன்

வேண்டாம். அவனாக இருந்தால் ரொம்பச் சுலபம். காசு கொடுத்துச் சரிக்கட்டுகிறவன் மேல்தான் எல்லோருக்கும் முதலில் சந்தேகம் வரும். பேய்வீட்டு முதலாளியும் சரிப்படாது, பிணம் அவரிடம் இருப்பதாலேயே வாசகர் அவரைத் தள்ளிவைத்துவிடுவார். கூடாரத்துணி தைப்பவர் என்று ஒருவர் இருக்க வேண்டுமே, அவரைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தைகூட எழுதவில்லை நீங்கள்.

அரைப்பக்கம்

நடுச்சாமம் அரை மணி நேரமாக ஆன்லைனில் இருக்கிறார், பதில் போடவில்லை. சரிதான்.

நடுச்சாமம்

கண்ணாடிவிரியன், உள்பெட்டிக்கு வாருங்கள். தையற்காரியை மாற்றப் போவதில்லை, ஆனால் 1917-இல் கூடாரங்கள் கைமாறிய கதையை உங்களை வைத்தே இன்னொரு சுற்றுச் சுற்ற வேண்டும்.